ஒரு பேரெண்ணின் வரலாறு: 1,577,917,500

ஆலயத் திருவிழா அழைப்பிதழ் ஒவ்வொன்றிலும் நாளும் கிழமையும் திதியும் நட்சத்திரமும் முறையாக அச்சிடப்படுகின்றன. கொடியேற்றம் இன்ன நாளில், தீர்த்தவாரி இன்ன நட்சத்திரத்தில் என்னும் அந்த வரிகளைக் கண்டே அன்பர்கள் விடுப்புக்கு விண்ணப்பிக்கின்றனர், விரதம் தொடங்குகின்றனர், காவடி நேர்ந்துகொள்கின்றனர். அவ்வரிகளுக்கு ஆதாரம் பஞ்சாங்கம். பஞ்சாங்கத்திற்கு ஆதாரம் கணிதம். தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் ஆண்டுக் கணக்கைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால், அது ஒரே ஒரு முழு எண்ணில் சென்று முடியும். அந்த எண் 1,577,917,500. சொல்லால் கூறின், நூற்றைம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது இலட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு.

ஒரு சதுர்யுகத்தில் அடங்கிய நாட்களின் தொகை இது. இத்தகைய பேரெண்களைக் கேட்டவுடன் ஒரு சாரார் முன்னோரின் பெருமை என்று மெய்சிலிர்ப்பர். மற்றொரு சாரார் கற்பனை என்று ஒதுக்குவர். இரு சாராரும் இந்த எண்ணைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்துப் பார்த்தால், அதன் உண்மையான சிறப்பும் விளங்கும்; அதன் குறையும் விளங்கும். இரண்டையும் அறிவது, இன்று பல ஆலயங்களில் எழும் ஒரு கேள்விக்கும் தெளிவு தரும்.

எண் பிறந்த வரலாறு

கி.பி. 476இல் பிறந்த ஆரியபட்டர், குசுமபுரத்தில் போற்றப்பட்ட அறிவைத் தாம் எடுத்துரைப்பதாக ஆரியபட்டீயத்தில் கூறுகிறார். குசுமபுரம் என்பது இன்றைய பாட்னாவைச் சார்ந்த பழைய பாடலிபுத்திரம் என்பர். கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்றும் அவர் குறித்துள்ளார். அந்த ஆண்டு கி.பி. 499.

வியப்புக்குரிய செய்தி யாதெனில், நாட்களின் தொகையை அவர் நேராகக் கூறவில்லை. ஒரு சதுர்யுகத்தில் சூரியன் நட்சத்திர மண்டலத்தைச் சுற்றிவரும் எண்ணிக்கையை 4,320,000 என்றார். அதே காலத்தில் பூமி கிழக்கு நோக்கித் தன்னைத்தானே சுற்றும் எண்ணிக்கையை 1,582,237,500 என்றார். நீண்ட எண்களைச் செய்யுளில் அடக்குவதற்காக எழுத்துகளுக்கு மதிப்புக் கொடுக்கும் ஒரு முறையையும் அவரே வகுத்தார்.

பூமி ஒரு முறை சுழல்வதும் ஒரு நாளும் ஒன்றல்ல. பூமி சுழலும் அதே நேரத்தில் சூரியனும் நட்சத்திரங்களுக்கிடையே சிறிது கிழக்கே நகர்ந்து காணப்படுவதால், ஓர் ஆண்டில் சுழற்சிகளின் எண்ணிக்கை நாட்களின் எண்ணிக்கையைவிட ஒன்று மிகும். ஆகவே 4,320,000 ஆண்டுகளில் 4,320,000 மிகும். 1,582,237,500இலிருந்து 4,320,000ஐக் கழித்தால் 1,577,917,500 நாட்கள் கிடைக்கின்றன. இவ்விரு எண்களின்படி பூமியின் ஒரு சுழற்சிக்கு ஆகும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி. இக்கால வானியல் கூறும் அளவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு அளவே.

எண்ணின் உள்ளமைப்பு

ஓர் எண்ணின் இயல்பை அறிய அதனைப் பகா எண்களாகப் பிரிப்பது கணித வழக்கம். 1,577,917,500 என்பது 2ஐ இரு முறையும், 3ஐ ஒரு முறையும், 5ஐ நான்கு முறையும், 61ஐயும் 3,449ஐயும் ஒவ்வொரு முறையும் பெருக்க வருவது. இவற்றுள் 2, 3, 5 ஆகிய சிறிய எண்களின் பெருக்கம் 7,500. எஞ்சிய 61, 3,449 ஆகியவற்றின் பெருக்கம் 210,389.

சதுர்யுகத்தின் ஆண்டுத் தொகையாகிய 4,320,000ஐயும் 7,500ஆல் மீதியின்றி வகுக்கலாம், ஈவு 576. ஆகவே கோடிக்கணக்கில் விரிந்த அந்தக் கணக்கு முழுவதும் இரண்டு சிறிய எண்களில் அடங்கிவிடுகிறது. 576 ஆண்டுகளுக்குச் சரியாக 210,389 நாட்கள். அதற்குமேல் அந்தப் பேரெண்ணில் ஆண்டைப் பற்றிய வேறு செய்தி ஏதுமில்லை.

210,389ஐ 576ஆல் வகுத்தால் ஓர் ஆண்டுக்கு 365 நாட்களும், 576இல் 149 பங்கும் வரும். அந்தப் பின்னத்தை நாழிகையாக மாற்றினால் 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை எனத் துல்லியமாக முடியும். மீதி எதுவும் நில்லாது. கடிகாரக் கணக்கில் அது 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. இதிலும் மீதி இல்லை.

365ஐ ஏழால் வகுத்தால் மீதி 1. ஆதலால், சென்ற ஆண்டு சித்திரை பிறந்த கிழமையோடும் நாழிகையோடும் 1 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை கூட்டினால் இவ்வாண்டின் பிறப்பு கிடைத்துவிடும். பெரிய எண்ணை மனத்தில் வைத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. மேலும், 149 என்பது 144உம் 5உம் ஆகும். 576இல் 144 என்பது கால் பங்கு. எனவே ஆண்டு என்பது முந்நூற்று அறுபத்தைந்தேகால் நாளும், 576இல் 5 பங்கும் ஆகிறது. கையால் கணிப்பவருக்கு இதைவிட எளிய வாய்ப்பாடு வேண்டுவதில்லை.

இத்தனை பெரிய எண் எதற்கு?

அவ்வாறாயின் 576 ஆண்டுகளோடு நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றும். சூரியன் ஒன்றை மட்டும் கணிப்பதாயின் அது போதும். ஆனால் பஞ்சாங்கத்திற்குச் சந்திரன் வேண்டும். செவ்வாய் முதல் சனி வரையுள்ள கிரகங்களும் வேண்டும். ஒவ்வொன்றின் சுற்றுக்காலத்திலும் ஒரு பின்னம் உண்டு. தசமப் புள்ளியிட்டுப் பின்னங்களை எழுதும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. எல்லாப் பின்னங்களும் ஒருங்கே மறைந்து, யாவும் முழு எண்களாக நிற்கும் அளவுக்கு நீண்ட ஒரு காலத்தை எடுத்துக்கொள்வதே அவர்கள் கண்ட வழி. பல பணக்கணக்குகளை ஒரே பேரேட்டில் சில்லறையின்றி எழுதுவதற்கு ஒப்பானது இது. நாட்களின் தொகையை ஒரு கிரகத்தின் சுற்றெண்ணால் வகுத்தால் அதன் சுற்றுக்காலம் வந்துவிடும்.

சந்திரனுக்கு ஆரியபட்டர் கொடுத்த சுற்றெண் 57,753,336. இதிலிருந்து சூரியனின் சுற்றெண்ணைக் கழித்தால் 53,433,336 வரும். இது ஒரு சதுர்யுகத்தில் அமையும் அமாவாசைகளின் எண்ணிக்கை. 1,577,917,500ஐ இதனால் வகுத்தால் ஒரு சந்திர மாதம் 29.530582 நாட்கள் என்று கிடைக்கிறது. இன்றைய வானியல் கூறும் சராசரி 29.530589 நாட்கள். வேறுபாடு ஒரு விநாடிக்கும் குறைவு. பன்னிரண்டு மாதக் கணக்கில் மிஞ்சி நிற்கும் அதிக மாதங்கள் 1,593,336 என்பதும், திதிகள் 1,603,000,080 என்பதும், நாட்களைவிடத் திதிகள் 25,082,580 மிகும் என்பதும் அதே எண்களைக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் பெறப்படுபவை.

இன்னொரு தேவையும் இருந்தது. கலியுகத் தொடக்கத்தில் கிரகங்கள் யாவும் ஒரே இடத்தில் கூடியிருந்தன என்பது கணக்கின் தொடக்கப்புள்ளி. ஆரியபட்டர் சதுர்யுகத்தை நான்கு சம பாகமாகக் கொண்டார். கலி நான்காம் பாகம். எனவே சூரியன், சந்திரன், ஐந்து கிரகங்கள் ஆகியவற்றின் சுற்றெண்கள் நான்கால் மீதியின்றி வகுபட வேண்டும். அவருடைய எண்கள் அவ்வாறே வகுபடுகின்றன. நாட்களின் தொகையும் வகுபட்டு, ஒரு பாகத்திற்கு 394,479,375 முழு நாட்களைத் தருகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். கணிதரைப் பொறுத்தவரை 4,320,000 ஆண்டு என்பது பின்னமின்றிக் கணக்கிட அமைத்த ஓர் அளவுகோல். அதன் நீளத்தைக் கண்டு மயங்குவதோ நகைப்பதோ அதன் பயனை அறிந்ததாகாது.

முந்நூறு நாள் வேறுபாடு

ஆரியபட்டர் இரண்டு முறைகளை வகுத்தவர். ஆரியபட்டீயத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. இப்போது கிடைக்காத அவருடைய மற்றொரு நூலில் நாள் நள்ளிரவில் தொடங்கியது என்பது பின்வந்தோர் குறிப்புகளால் தெரியவருகிறது. அந்த நூலில் சதுர்யுகத்தின் நாட்கள் 1,577,917,800. அதாவது 300 நாட்கள் கூடுதல். ஒரே ஆசிரியர் எழுதிய இரு நூல்களில் இந்த வேறுபாடு ஏன்?

விடை கணக்கிலேயே உள்ளது. கலி 3,600 ஆண்டு என்பது சதுர்யுகத்தில் 1,200இல் ஒரு பங்கு. உதய முறை எண்ணை 1,200ஆல் வகுத்தால் 1,314,931 நாளும் கால் நாளும் வரும். நள்ளிரவு முறை எண்ணை வகுத்தால் 1,314,931 நாளும் அரை நாளும் வரும். காலை உதயத்திலிருந்து கால் நாள் சென்றால் நண்பகல். நள்ளிரவிலிருந்து அரை நாள் சென்றாலும் நண்பகல். இரண்டு கணக்குகளும் கி.பி. 499 மார்ச் 21ஆம் நாள் நண்பகலில் ஒன்றாகச் சந்திக்கின்றன. அந்தக் கால் நாளை 1,200ஆல் பெருக்கினால் 300 நாட்கள்.

கலி வெள்ளிக்கிழமை தொடங்கியதாகக் கணக்கு. 1,314,931ஐ ஏழால் வகுத்தால் மீதி 2. மீதி 0 வெள்ளி, 1 சனி, 2 ஞாயிறு. அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையே. ஆக, எண்கள் ஆரியபட்டருடைய காலத்து வானத்திற்குப் பொருந்துமாறு அமைக்கப்பட்டவை என்பது புலனாகிறது. யுகங்களுக்கு அப்பாலிருந்து வந்ததாகத் தோன்றும் எண், 23 வயது அறிஞர் ஒருவர் தம் தலைமுறையின் வானத்தை அளவாகக் கொண்டு செதுக்கிய எண்ணாகும்.

ஏற்றோரும் மறுத்தோரும்

இந்த எண்ணை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கி.பி. 628இல் பிரம்மஸ்புட சித்தாந்தம் எழுதிய பிரம்மகுப்தர், யுகங்களைச் சம பாகமாக்கியது ஸ்மிருதிகளுக்கு மாறானது என்று ஆரியபட்டரைக் கடிந்தார். அவருடைய கணக்கின்படி ஒரு சதுர்யுகத்திற்கு 1,577,916,450 நாட்கள். ஆண்டின் மிகுதி 6 மணி 12 நிமிடம் 9 விநாடி. ஆயினும் கி.பி. 665இல் அவரே எழுதிய கண்டகாத்யகம் என்னும் நூல் ஆரியபட்டரின் நள்ளிரவு முறையைத் தழுவியது. வடபுலத்தில் பெரிதும் வழங்கிய சூரிய சித்தாந்தம் 1,577,917,828 என்னும் எண்ணைக் கொண்டது. ஆண்டு ஒன்றுக்கு இவற்றிடையே உள்ள வேறுபாடு சில விநாடிகளே. தமிழகமும் கேரளமும் ஆரியபட்டரின் ஆண்டளவையே கைக்கொண்டன.

தமிழகத்தில் இந்த எண்

13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தோன்றியதாகக் கருதப்படும் வாக்கிய கரணம் என்னும் நூல் தமிழகத்து வாக்கியப் பஞ்சாங்கத்திற்கு அடிப்படை. 576இல் அடங்கும் பின்னத்தைக் கொண்டே அது சித்திரைப் பிறப்பைக் கணிக்கிறது. சந்திரனின் இடத்தை அறிய 248 நாட்களுக்கு 248 வாக்கியங்கள் உண்டு. எழுத்துக்கு எண் மதிப்புடைய சொற்றொடர்கள் அவை. அவற்றை மனனம் செய்தவருக்கு ஏடும் வேண்டியதில்லை.

இதற்குக் கண்கூடான சான்று ஒன்று உண்டு. ஜான் வாரன் என்பார் 1825இல் சென்னையில் வெளியிட்ட கால சங்கலிதம் என்னும் நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டு, 1825 மே 31, ஜூன் 1 இரவில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபாடு இருந்தது. நூல் எதையும் புரட்டாமல், எழுதுகோல் எடுக்காமல் செய்த கணக்கு அது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட எண்கள் ஒரு தமிழரின் நினைவில் உயிரோடு இருந்தன.

பின்னர் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் வெளியிட்ட இந்தியக் காலக்கணிதம் பற்றிய ஆங்கில நூலும், 1922இல் வெளியிட்ட அட்டவணைகளும் கல்வெட்டு ஆய்வுக்குப் பெருந்துணை ஆயின. கல்வெட்டில் அரசனின் ஆட்சி ஆண்டும், மாதமும், திதியும், கிழமையும், நட்சத்திரமும் இருக்கும். ஆங்கில ஆண்டு இராது. அந்தக் குறிப்புகள் யாவும் ஒருங்கே பொருந்தும் நாளைத் தேடிக் காண்பதற்கு அக்கால மக்கள் கையாண்ட ஆண்டளவு தெரிய வேண்டும். வானியல் நோக்கில் சிறு பிழை இருப்பினும், வரலாற்று நோக்கில் பழைய எண்ணே சரியான திறவுகோல்.

எண்ணின் குறை

சூரியன் ஒரு நட்சத்திரத்தை விட்டு மீண்டும் அதனிடம் வந்து சேரும் காலம் 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி என்று இக்கால வானியல் அளந்துள்ளது. ஆரியபட்டரின் ஆண்டு அதைவிட 3 நிமிடம் 20 விநாடி மிகுதி. 1,500 ஆண்டுகளில் இம்மிகுதி ஏறத்தாழ மூன்றரை நாளாகும்.

பருவங்கள் திரும்பும் ஆண்டு இதனினும் சிறியது; 365 நாள் 5 மணி 48 நிமிடம் 45 விநாடி. அயனசலனம் எனப்படும் பூமியச்சின் மெதுவான சுழற்சியே இதற்குக் காரணம். பழைய ஆண்டுக்கும் பருவ ஆண்டுக்கும் உள்ள இடைவெளி 23 நிமிடம் 45 விநாடி. பிரபவ முதல் அட்சய வரையிலான 60 ஆண்டுச் சுற்று ஒன்றில் அது 23 மணி 45 நிமிடம், அதாவது ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. ஆரியபட்டர் காலத்தில் சித்திரைப் பிறப்பு, பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டி அமைந்தது. இன்று அச்சம நாள் மார்ச் 20 அல்லது 21. சித்திரைப் பிறப்போ ஏப்ரல் 14ஐ ஒட்டி வருகிறது. இந்த நகர்வு முழுவதையும் பிழை என்று சொல்வது நேர்மையன்று. நட்சத்திரத்தைச் சார்ந்த ஆண்டைத் தேர்ந்துகொண்டதன் விளைவு அதில் பெரும்பகுதி. 3 நிமிடம் 20 விநாடி மட்டுமே எண்ணின் குறை.

இரு பஞ்சாங்கங்கள்

இக்குறைகள் முன்னோர் அறியாதவை அல்ல. கேரளத்தில் ஹரிதத்தர் கி.பி. 683இல் பரகித முறையைத் தந்ததாக மரபு கூறும். சூரியனுக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, சந்திரனுக்கும் கிரகங்களுக்கும் திருத்தம் செய்தது அம்முறை. பரமேசுவரர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கிரகணங்களைக் கண்ணால் கண்டு குறித்துவைத்து, 1431இல் திருக்கணித முறையை வகுத்தார். சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். இந்திய அரசு மேகநாத சாகா தலைமையில் 1952இல் அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை அளித்தது.

இருப்பினும் இரு பஞ்சாங்கங்களும் இன்றும் உலவுகின்றன. திருக்கணிதப்படி சனி பகவான் கும்ப இராசிக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அது 2023 டிசம்பர் 20; திருநள்ளாற்றில் விழா எடுக்கப்பட்டதும் அன்றே. ஒரே பெயர்ச்சிக்குப் பதினொரு மாத இடைவெளி. மெதுவாகச் செல்லும் கிரகத்தில் சிறு வேறுபாடும் காலத்தால் திரண்டு மாதங்களாகிவிடுகிறது. திதியிலும் நட்சத்திரத்திலும் சில நாழிகை வேறுபட்டால், விழா ஒரு நாள் முன்பின் ஆகலாம்.

அத்தகைய வேளையில் ஆலயங்களில் மனத்தாங்கல் எழுவதுண்டு. ஒரு சாரார் மற்றவரை மரபை மீறியவர் என்பர்; மற்றவர் இவரை அறியாதவர் என்பர். இந்த எண்ணின் வரலாறு இருவருக்கும் ஒரு செய்தியை வைத்திருக்கிறது. வாக்கியத்தைப் பின்பற்றுவோர் கையில் இருப்பதும் தன் காலத்து வானத்தோடு ஒப்பிட்டு அமைத்த கணிதமே. திருக்கணிதத்தைப் பின்பற்றுவோர் செய்வதும் ஹரிதத்தரும் பரமேசுவரரும் செய்ததே. வானத்தைப் பார்த்துக் கணக்கைத் திருத்துவதும் மரபு. ஊர் கூடி ஒரு நாளைக் கொண்டாடக் கற்ற கணக்கைக் காப்பதும் மரபு. சுற்றுக்காலத்தில் எது துல்லியம் என்பதை வானாய்வுக் கூடம் சொல்லிவிடும். எந்த நாளில் ஊர் கூடி வணங்குவது என்பதை ஊர்தான் ஒருமனப்பட்டு முடிவு செய்ய வேண்டும். முன்னது கணக்கு, பின்னது உடன்பாடு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளும்போதே பிணக்கு வளர்கிறது.

1,577,917,500 என்னும் எண், சந்திர மாதத்தை ஒரு விநாடிக்குள் பிடித்தது. ஆண்டை 3 நிமிடம் 20 விநாடி தவறவிட்டது. அந்தச் சாதனையையும் குறையையும் ஒருங்கே சொல்வதால் அதற்கு இழுக்கில்லை. நல்லது கண்டு போற்றி, குறை கண்டு திருத்தி, ஒன்றுபட்டு வழிபடும் அறிவை எல்லாம் வல்ல இறைவன் யாவர்க்கும் அருள்வானாக.